காவலும் கணக்கும்

கூத்தாநல்லூரில் என் நண்பர் வீட்டுக் கொல்லைக் கதவை ஓர் இரவு யாரோ கடப்பாரையால் நெம்பிப் பார்த்திருந்தார்கள். தாழ்ப்பாள் வளைந்திருந்தது, கதவு திறக்கவில்லை. நண்பர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். வீட்டில் அவருடைய வயதான தாயாரும் துணைக்கு ஒரு பெண்ணும் மட்டும். எங்களூரில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. சம்பாதிப்பவர்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். வீட்டு மூலைகளில் கேமரா இருக்கும். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் மகன், படுக்கப் போகும் முன் கைபேசியில் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வான்.

நான் அங்கே போயிருந்தபோது விசாரிக்க வந்த காவலர் கெட்டிக்காரர். தெருமுனைக் கடையின் கேமராவில் இரவு 1.50க்கு ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கை அணைத்துவிட்டு இந்தத் தெருவில் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். “உங்க கேமராவுல ஒன்னு அம்பதப் போடுங்க தம்பி” என்றார். போட்டேன். காலி முற்றம், கிணற்றுமேட்டில் ஒரு பூனை. அரைமணி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். யாரும் வரவில்லை. அந்த வண்டிக்கும் இந்தக் கதவுக்கும் தொடர்பில்லை போலிருக்கிறது என்று அவர் எழுந்துபோனார்.

ஆறாம் நாள் நண்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கேமராப் பெட்டியை அவர் சிங்கப்பூரிலிருந்தே கைபேசி வழியாக அமைத்திருந்தார். பெட்டியின் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில், அதாவது நமக்கு இரண்டரை மணி முன்னால், ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் 1.50 என்று பார்த்தது உண்மையில் முன்னிரவு 11.20. கடிகாரத்தில் 4.20க்குப் போய்ப் பார்த்தால், கடப்பாரையோடு ஆள் நிற்கிறான். முகத்தில் துணி. வண்டி எண் தெரியக்கூடிய கோணம் கடைக் கேமராவில்தான் இருந்தது. அந்தப் பெட்டியிலோ ஐந்து நாள் பதிவுக்குத்தான் இடம். பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிட்டது.

இரண்டு கேமராவும் பார்த்தன, இரண்டும் ஒழுங்காகப் பதிந்தன. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஏற்பாடு இல்லை. அந்த ஆறு நாள் என்னை இன்னும் உறுத்துகிறது.

விமான நிலையம், மெட்ரோ ரயில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை போன்ற பெரிய இடங்களில் இதே சிக்கல் நூறு மடங்காக இருக்கும். கேமராக்கள் ஒரு கம்பெனியுடையவை. கதவைத் திறக்கும் அட்டையும் அதைப் படிக்கும் கருவியும் இன்னொரு கம்பெனி. புகை உணரி வேறு, சுற்றுச்சுவரின் அதிர்வு உணரி வேறு. எல்லாம் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு டெண்டரில் வாங்கியவை. கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் ஒரு திரையில் ‘கதவு 14 திறந்தது’ என்பதைப் பார்த்து, தலையைத் திருப்பி, அந்தக் கதவைக் காட்டும் கேமரா எது என்று இன்னொரு திரையில் தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் ஆள் போய்விடுவான். அதனால் இந்தக் கருவிகள் அத்தனைக்கும் மேலே ஒரே மென்பொருளை உட்காரவைக்கிறார்கள். கருவிகள் சொல்வதையெல்லாம் அது ஓரிடத்தில் வாங்கிக்கொள்கிறது. ஒரே கடிகாரத்தில் வரிசைப்படுத்துகிறது. ஒன்று சொன்னதை மற்றொன்றைக் கேட்டுச் சரிபார்க்கிறது. கதவு திறந்த அந்த நொடியின் படத்தைக் கேட்காமலே திரையில் கொண்டுவந்து வைக்கிறது. யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதையும் எழுதிவைக்கிறது.

இதற்குக் கருவிகள் ஒரு பொதுமொழியில் பேச வேண்டும். ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ‘ஆன்விஃப்’ என்ற அமைப்பு கேமராக்களுக்கு அப்படியொரு மொழியை வகுத்தது. இன்று கேமரா வாங்கப் போகிறவர் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் ‘ஆன்விஃப் உண்டா’ என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். அது இருந்தால் ஒரு கம்பெனியின் கேமராவை இன்னொரு கம்பெனியின் பதிவுப் பெட்டி புரிந்துகொள்ளும்.

விமான நிலையமும் ஆலையும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வசதி படைத்தவை. எனக்குக் கவலை எங்கள் காவிரிக் கரையைப் பற்றித்தான். இங்கே காவல் வேண்டிய பெருஞ்செல்வம் வங்கி லாக்கரில் இல்லை. பூசை நின்றுபோன, மேளம் கேட்காத, வௌவால் நாறும் சிறு கோயில்களில் ஆயிரம் ஆண்டுச் செப்புத் திருமேனிகளாக அது நிற்கிறது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர். அங்கே பூட்டிக் கிடந்த சிவன் கோயிலிலிருந்து 2006 வாக்கில் நடராசரும் மற்றத் திருமேனிகளும் களவு போயின. வெளியிலிருந்து பார்க்க எந்த மாற்றமும் தெரியவில்லை. 2008இல் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. அதே 2008இல், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வருவதற்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதம் காட்டப்பட்டது, காகிதம் போலி. விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சிலைக் கடத்தல் வழக்கில் 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நடராசர் 2014 செப்டம்பரில் தாய்நாடு திரும்பினார்.

அவரைத் திருப்பிக் கொண்டுவந்ததில் பூட்டுக்குப் பங்கில்லை. ஒரு புகைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துவைத்தது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. எடுத்தவர்கள் திருடனைப் பிடிக்க எடுக்கவில்லை. சிற்பத்தைப் படிக்க எடுத்தார்கள். ஆனால் ‘இது எங்கள் கோயிலில் இருந்தது’ என்று உலகத்தின் முன் நிரூபிக்க வேண்டியிருந்தபோது அந்தப் படப்பெட்டி கைகொடுத்தது.

இது ஸ்ரீபுரந்தானோடு நிற்கவில்லை. அனந்தமங்கலம் ராசகோபாலப் பெருமாள் கோயிலின் ராமர், சீதை, இலக்குவன் திருமேனிகளை 1958இல் அந்த நிறுவனத்தார் படம் எடுத்திருந்தார்கள். 1978இல் அவை களவு போயின. நாற்பதாண்டுக்குப் பின், ‘இந்தியா பிரைடு புராஜெக்ட்’ என்ற தன்னார்வலர் குழு இணையத்தில் விற்பனைக்கு வந்த ஒரு ராமரைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது. 2020 செப்டம்பரில் மூன்று திருமேனிகளும் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. எங்கள் பக்கத்து வார்ப்பு முறை இந்த ஒப்பீட்டுக்கு உதவுகிறது. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு ஒரு தடவைக்குத்தான். எனவே ஒரு சிலைபோல இன்னொன்று இருக்கவே முடியாது. காற்றுக் குமிழ் விட்ட பள்ளம், ஸ்தபதி உளியால் சரிசெய்த தழும்பு, பீடத்தின் ஓரச் சாய்வு எல்லாம் கைரேகைபோல அந்தச் சிலைக்கே உரியவை. படம் தெளிவாக இருந்தால் போதும்.

படம் இல்லாவிட்டால் என்ன பாடு படவேண்டும் என்பதற்குப் பத்தூர் நடராசர் சாட்சி. திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது, புதைத்துவைத்திருந்த செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதில் நடராசர் மட்டும் கைமாறிக் கைமாறி லண்டன் போனார். 1982இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. அவர் பத்தூர்க்காரர்தான் என்று காட்ட அவரை நின்ற இடத்தில் பார்த்த படமோ பதிவோ கிடையாது. பல நூற்றாண்டு மண்ணுக்குள் இருந்தவருக்கு எங்கிருந்து படம் வரும்? தொல்லியல் அறிஞர் நாகசாமி சிற்ப அமைதியை விளக்கிச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் உலோகத்தையும் பத்தூரில் எஞ்சிய திருமேனிகளோடு அறிவியலாளர்கள் ஒப்பிட்டார்கள். கோயிலே வழக்காடும் உரிமை உள்ள ஒரு சட்ட நபர் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீடும் முடிந்து 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். ஒரு பதிவேட்டுப் பக்கம் செய்திருக்க வேண்டிய வேலையை மண்ணும் கறையானும் செய்யவேண்டி வந்தது.

திரும்பத் திரும்ப இதையே பார்க்கிறேன். பூட்டும் கேமராவும் காவல் பக்கம். படமும் பதிவேடும் கணக்குப் பக்கம். நாம் இரண்டையும் வெவ்வேறு ஆள்களிடம், வெவ்வேறு அறைகளில், ஒன்றுக்கொன்று தெரியாமல் விட்டுவைத்திருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராசராசன் அப்படி விடவில்லை. அக்கோயில் கல்வெட்டுகளில், கொடுக்கப்பட்ட ஒவ்வொரு செப்புத் திருமேனியின் உயரமும் முழம், விரல் கணக்கில் இருக்கிறது. கை எத்தனை, பீடம் எப்படி, கனமாக வார்த்ததா என்று குறித்திருக்கிறார்கள். நகைகளில் முத்து எத்தனை என்று எண்ணி, எடையை ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்து எழுதியிருக்கிறார்கள். கல்லுக்குப் பெயர் வைத்தது அலங்காரத்துக்காக அல்ல. எந்தக் கல்லால் நிறுத்தது என்று தெரிந்தால்தான் நாளைக்கு அதே கல்லால் நிறுத்துச் சரிபார்க்க முடியும். அதே கோயிலின் சுவர்களில்தான் திருமெய்காப்பு என்ற காவலர்களை எந்தெந்த ஊர்ச் சபைகள் அனுப்ப வேண்டும், அவர்களுக்குக் கூலி நெல் யார் கொடுக்க வேண்டும் என்பதும் வெட்டப்பட்டிருக்கிறது. பண்டாரத்தையும் கணக்கையும் பார்ப்பவர்களை எந்த ஊர்கள் தர வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. காவலன், கணக்கன், காக்கப்படும் பொருள் மூன்றும் ஒரே சுவரில்.

உலக அருங்காட்சியகங்கள் அந்த இடத்துக்கு 1997இல்தான் வந்து சேர்ந்தன. களவுபோன கலைப்பொருளை அடையாளம் காணக் குறைந்தபட்சம் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் முன்னின்று ஒரு பொதுப்படிவம் கொண்டுவந்தது. படம், பொருளின் வகை, எதனால் ஆனது, அளவு, எழுத்தோ குறியோ உண்டா, வேறு எதிலும் இல்லாத அடையாளம் என்ன. இன்டர்போலின் களவுப் பட்டியலில் ஒரு சிலையைச் சேர்க்க வேண்டுமென்றாலும் இவைதான் வேண்டும்.

சரி, இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? எங்களூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், திருவாரூர் தியாகராசர் கோயிலில், உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம் இருக்கிறது. பாதுகாப்பில்லாத சிறு கோயில்களின் திருமேனிகள் ஆயிரக்கணக்கில் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. திருவிழா வந்தால் ஊர்க்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டுபோய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அதுபோன்ற ஒரு வைப்பறையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதில் நான் பொருத்த விரும்பும் கருவிகளைச் சொல்கிறேன்.

கதவு நிலையில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருக்கும்வரை காந்தத்தால் தகடுகள் ஒட்டியிருக்கும், மின்சாரம் ஓடும். கதவு விலகினால் தகடுகள் பிரியும். மலிவானது, பல்லாண்டு உழைக்கும். சுவரில் ஓர் அதிர்வு உணரி. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகத்தால் ஆனது, உளி விழுந்தால் சொல்லும். கூரைக்குக் கீழே உடல்வெப்பத்தை உணரும் கருவி. மனித உடல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கதிர் அறையின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நகர்ந்தால் கருவி விழித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் அதை முழுதாக நம்பக்கூடாது. சுவரே 35 டிகிரிக்குக் காய்ந்திருக்கும்போது, கிட்டத்தட்ட அதே சூட்டில் இருக்கும் மனிதத் தோல் அதற்குத் தனியாகத் தெரிவதில்லை. அந்த மாதங்களில் அதிர்வு உணரியும் கதவுக் காந்தமும் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

ஒரே அலாரம் ஏன் போதாது என்பதை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பத்தாயிரம் இரவில் ஓர் இரவு உண்மையிலேயே திருடன் வருகிறான் என்று கொள்வோம். கருவி அவனை ஏறக்குறைய நிச்சயமாகப் பிடித்துவிடும். ஆனால் நூறு இரவுக்கு ஒருமுறை வௌவாலைப் பார்த்தும் கத்தும். பத்தாயிரம் இரவில் வௌவாலுக்காக 100 தடவை, திருடனுக்காக 1 தடவை. அலாரம் அடிக்கும்போது அது திருடனாக இருக்க வாய்ப்பு நூற்றொன்றில் ஒன்று. மூன்றாம் மாதத்தில் காவலாளி அதன் ஒயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. புலி வருது புலி வருது என்று கத்திய பையனின் கதையில் ஊர்க்காரர்கள் செய்ததும் இதே கணக்கின்படிதான். இப்போது இரண்டாவது கருவியும் ஒரே நிமிடத்துக்குள் கத்தினால்தான் ஆளை எழுப்புவது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே இரவில் தவறாகக் கத்துவதே பத்தாயிரத்தில் ஒன்று; ஒரே நிமிடத்தில் என்றால் இன்னும் அரிது. நூறு பொய் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. அலாரம் அடித்தால் குறைந்தது பாதிக்குப் பாதி அது உண்மை. காவலாளி ஓடுவார்.

இந்தக் கணக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு கருவியும் ஒரே காரணத்தால் ஏமாறக்கூடாது. வெப்ப உணரியையும் அசைவைப் பார்க்கும் கேமராவையும் சேர்த்தால் ஒரே வௌவால் இரண்டையும் ஏமாற்றிவிடும். வெப்ப உணரியோடு சுவர் அதிர்வைச் சேர்த்தால் வௌவாலால் முடியாது. எவற்றைச் சேர்ப்பது என்பதை மென்பொருள் விற்பவரைவிட, அந்த அறையில் இரவு தூங்கியவர் நன்றாகச் சொல்வார்.

ஒரே நிமிடத்துக்குள் என்று சொன்னேன். அதற்கு எல்லாக் கருவிகளும் ஒரே நிமிடத்தில் இருக்க வேண்டும். மலிவான கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும் என்பது கணக்கு; பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் நொடி. ஓராண்டு கவனிக்காமல் விட்டால் பத்து நிமிடம். ஒரு கேமரா முன்னே ஓடி, இன்னொன்று பின்னே தங்கினால், திருடன் வெளியேறிய பிறகு உள்ளே நுழைந்ததாகப் பதிவு சொல்லும். இதற்கு 1980களில் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இன்றும் இணையத்தில் ஓடுகிறது. கருவி ஒரு நல்ல கடிகாரத்திடம் மணி கேட்கிறது. கேள்வி போய்ப் பதில் வந்து சேர ஆன நேரத்தை அளந்து, அதில் பாதியைப் பதிலில் வந்த மணியோடு கூட்டித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நம் நாட்டுக்கு அந்த நல்ல கடிகாரம் டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் சீசியம் அணுக் கடிகாரம். இந்த வசதி ஏறக்குறைய எல்லாக் கேமராப் பெட்டியிலும் இருக்கிறது, இலவசமாக. ஆன் செய்து, இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும்.

கருவி பார்த்தும் செய்தி போகாமல் நின்ற கதை பாஸ்டனில் நடந்தது. 1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் உடுப்பில் வந்த இருவர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, காவலர்களைக் கட்டிப்போட்டு, 81 நிமிடம் சாவகாசமாக நடந்து, ரெம்பிராண்டும் வெர்மீரும் உள்ளிட்ட 13 கலைப்பொருள்களைக் கொண்டுபோனார்கள். அவர்கள் எந்த அறையில் எப்போது நடந்தார்கள் என்பதை அசைவு உணரிகள் ஒவ்வொரு அடியாகக் கணினியில் பதிந்துகொண்டே இருந்தன. வெளியே போலீசுக்குச் சொல்லும் பொத்தான் ஒன்றே ஒன்று. அது காவலர் மேசையில் இருந்தது, காவலரோ நிலவறையில். காலையில்தான் தெரிந்தது. அந்த ஓவியங்களின் காலிச் சட்டங்கள் இன்றும் அங்கே தொங்குகின்றன.

திருடன் மட்டுமே எதிரி என்று நினைத்துவிடக்கூடாது. செப்புத் திருமேனிக்கு ஈரமும் எதிரி. கடற்காற்றிலும் அபிஷேகப் பொருள்களிலும் இருக்கும் உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் பட்டால் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்கிறது. அந்த வினையில் அமிலமும் பிறப்பதால் அது அடுத்த அடுக்குச் செம்பை அரிக்கும். பிறகு அதற்கும் அடுத்தது. ‘வெண்கல நோய்’ என்றே இதற்குப் பெயர். அறையின் ஈரப்பதத்தைக் குறைத்துவைத்தால் நோய் தூங்கும். எங்கள் ஐப்பசியில் அது விழித்துக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய் ஈரப்பத உணரி ஒன்றை அதே மென்பொருளில் சேர்த்து, எந்தத் திருமேனி எந்த அலமாரியில் இருக்கிறது என்ற பதிவோடு கட்டிவிட்டால், ‘மூன்றாம் வரிசை நனைகிறது, அங்கே இருப்பவை இன்ன ஊர்த் திருமேனிகள்’ என்று அது சொல்லும்.

தீயும் அப்படித்தான். பூட்டு ஆளை உள்ளே விடாமலிருக்க இருக்கிறது. தீயின்போது அதே பூட்டு ஆளை வெளியே விடாமல் கொன்றுவிடும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை இந்த மாவட்டங்களில் யாரும் மறக்கவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் இறங்க ஒரு குறுகிய படிக்கட்டுதான் இருந்தது. மனிதர் இருக்கும் கட்டடத்தில் புகை உணரி கத்திய நொடியில் மின்பூட்டுகள் தானாக விட்டுவிட வேண்டும். இதை மட்டும் மென்பொருளின் முடிவுக்கு விடாமல், நேரடி ஒயரில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சர்வர் நின்றாலும் கதவு திறந்தாக வேண்டும்.

திருவிழாவுக்குப் போகும் திருமேனிக்கு ரேடியோ அட்டை மாட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். சிலையில் ஒட்டுவது ஆகமத்துக்கும் பொருந்தாது, இயற்பியலுக்கும் பொருந்தாது. உலோகப் பரப்பு ரேடியோ அலையைத் திருப்பி அடித்து, சாதாரண அட்டையைச் செவிடாக்கிவிடும். எடுத்துப்போகும் பெட்டியில் அட்டை, பெட்டிக்குள் வைக்கும்போது ஒரு படம், திரும்ப வரும்போது அதே கோணத்தில் இன்னொரு படம், இரண்டையும் பழைய படத்தோடு ஒப்பிடும் மென்பொருள். இது போதும். போனதுதான் திரும்பி வந்ததா, அதன் இடத்தில் போலி வந்ததா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இத்தனையையும் ஓரிடத்தில் சேர்த்தால் அந்த ஓரிடமே திருடனுக்குக் கதவாகிவிடும் என்ற பயம் நியாயமானது. 2016இல் ‘மிராய்’ என்ற கிருமி நிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் பிடித்தது. அது ஊகித்துப் பார்த்தது அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகள்தான். அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, ஒரே நாளில் பல மணி நேரம் அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கினார்கள். காவலுக்கு வைத்த கண்களே கூலிப்படை ஆயின. ஒருங்கிணைப்பு என்று சொல்பவர் முதலில் கேமராக்களைப் பொது இணையத்திலிருந்து பிரித்துத் தனி வலையில் வைக்க வேண்டும். திருமேனிப் படங்களில் அடையாளம் காணத் தேவையானவை ஊருக்கெல்லாம் தெரியட்டும். எந்த அறை, எந்த அலமாரி, எந்த நாள் காவல் குறைவு என்பது யாருக்கும் தெரியக்கூடாது.

மற்றொரு பயத்தை கஜா புயல் காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை அது கரையைக் கடந்தபின் எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரமும் இல்லை. அப்படிப்பட்ட இரவில், எல்லாம் வந்து சேரும் நடுவத்தை நம்பியிருக்கும் கருவி அநாதை. அதனால் கேமராவுக்குள்ளேயே நினைவட்டையில் பதிவு விழ வேண்டும். தொடர்பு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து நடுவத்துக்குப் போக வேண்டும். கதவுக் காந்தம் ஒரு சிறு பேட்டரியில் ஓடி, கோயில் மணியையாவது அடிக்க வேண்டும். அந்த மணியைக் கேட்டு எழுந்துவர ஊரில் ஆள் வேண்டும்.

பதிவு நீதிமன்றத்தில் நிற்கவும் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு தரும் சான்றில் அதன் ‘ஹாஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். பதிவு முழுவதையும் ஒரு கணிதச் செக்கில் ஆட்டினால் வரும் நீண்ட எண் அது. ஒரு நொடிப் படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். பதிவான அன்றே மென்பொருள் இந்த எண்ணைக் குறித்துவைத்தால், பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று காட்டிவிடலாம்.

சென்ற மாதம், ஊருக்கு அருகே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கோயிலுக்கு அழைத்தார்கள். கேமரா போட்டிருக்கிறோம், படம் வரவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று. ஏணி வைத்து ஏறி, கழன்றிருந்த ஒயரை மாட்டினேன். கடிகாரம் 1970 ஜனவரியில் நின்றுகொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, கடவுச்சொல்லையும் மாற்றினேன். இறங்கியதும் குருக்களிடம், அம்மன் திருமேனியின் உயரம் எங்காவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பட்டியல் ஒன்று ஆபீசில் இருக்கும், அதில் ‘அம்மன் – 1’ என்று போட்டிருக்கும், அவ்வளவுதான் என்றார். பக்கத்துத் தையல்கடையிலிருந்து இஞ்சு டேப் வாங்கிவரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அவர் உள்ளே போய், அம்மனின் புடவையை ஒதுக்கிவைத்துப் பாதத்திலிருந்து மகுடம்வரை அளந்து, “அம்பத்தி மூணு சென்டிமீட்டர், எழுதிக்கோங்க” என்று சத்தமாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். “இடது தோள்ல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு. அதையும் எழுதிக்கோங்க” என்றார்.